பனிவண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

ஆஸ்திரேலியாவுக்குச் சிலர் கங்காரு பார்க்கப் போகிறார்கள். சிலர் பட்டம் வாங்கப் போகிறார்கள். சிலர் பேரப்பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் போகிறார்கள். நான் என் சகலையின் புத்தியைச் சரிபண்ணப் போனேன். “எப்படியாவது சின்ன மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிட்டு வாங்க” என்று பருப்புப் பொடியும் கையுமாக என்னை விமானம் ஏற்றியவர் என் மாமியார்.

சகலை சரவணன், என் மனைவியின் தங்கை சுதாவைக் கட்டியவன். மெல்பர்னுக்குத் தென்கிழக்கே கிரான்பர்னில் வீடு. அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, சுதாவுக்கு மருந்துக்கடையில் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது, வேலையை விட்டுவிட்டு மலைமேல் பனிவண்டி விடப் போவதாக ஒருநாள் அறிவித்துவிட்டான். பனிவண்டி என்பது முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் புல்டோசர் போல ஒரு ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் சீட்டு. அதில் ஆட்களை ஏற்றி, காட்டுக்குள் வெகுதூரம் ஒரு குடிசைவரை கூட்டிப் போய்ச் சோறு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில்.

உலகத்தில் பனிக்குப் பஞ்சமில்லாத நாடுகள் எத்தனையோ இருக்க, வெயிலுக்குப் பெயர்போன நாட்டில் போய்ப் பனிவண்டி விட நினைத்தவன் என் சகலை ஒருவனாகத்தான் இருப்பான். அங்கே பனி பெய்கிற மாதமோ நம் ஆடி. ஆடியில் நம் ஆட்கள் பழைய கடைக்குப் புது போர்டுகூட மாட்ட மாட்டார்கள். இவன் தொழிலே ஆடியில்தான் நடக்கும். ஆடித் தள்ளுபடி போடுவானோ என்னவோ.

என்னை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் நான் பைக் ஷோரூம் வைத்திருக்கிறேன். மைலேஜ் விஷயத்தில் குடும்பத்துக்கு நான்தான் சுப்ரீம் கோர்ட்டு. எங்கள் ஊரில் வண்டி வாங்க வருகிறவர் நிறத்தைப் பார்க்கும் முன்பே, சமயத்தில் செருப்பைக் கழற்றும் முன்பே, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்று கேட்டுவிடுவார். நானும் வருடக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன். “அது ஓட்டுறவங்க கையில இருக்குங்க.” இதைக் கேட்டு வாங்காமல் போனவரும் இல்லை, வாங்கிய பிறகு என்னைத் திட்டாதவரும் இல்லை.

கிரான்பர்னில் போய் இறங்கிய அன்று வெளியே குளிர், வீட்டுக்குள் அதைவிடக் குளிர். இந்த ஊரில் வீட்டை அட்டையில் செய்கிறார்கள் போல. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, மூட்டை கட்டிய பருத்தி மாதிரி சோபாவில் கிடந்த என் கையில் சரவணன் ஒரு வண்ணப் புத்தகத்தைத் திணித்தான். அட்டையில் சிவப்புப் பனிவண்டி ஒன்று பறந்துகொண்டிருந்தது.

“ஒரு டேங்க்ல குடிசைக்குப் போயிட்டுத் திரும்பி வந்து, அப்புறமும் மிச்சம் இருக்குமுங்க சகலை. கம்பெனியே போட்டிருக்கான் பாருங்க.”

கம்பெனியே போட்டிருக்கிறான்! இருபது வயதுப் பையன் சொன்னால் மன்னிக்கலாம். கம்பெனி மைலேஜ் எப்படி எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? எலும்பும் தோலுமாக ஒருவனை ஏற்றி, சமதரையில், காற்று முதுகில் அடிக்கும்போது, தூக்கத்தில் நடப்பவன் வேகத்தில் ஓட்டி எடுப்பார்கள். நானும் அந்தப் புத்தகங்களைத்தானே நீட்டி வயிறு வளர்க்கிறேன்.

சுதா அடுப்படியிலிருந்து வந்தாள். பேச்சை நீட்டவில்லை.

“அந்தக் காட்டுல பெட்ரோல் பங்க் கிடையாது மாமா. ஆளுங்களை ஏத்திட்டுப் போயி நடுவுல நின்னா, குளிர்ல வெறைச்சே போயிருவாங்க. இவரு வண்டியில போகட்டும். குடிசை வரைக்கும் போயிட்டு, நடுவுல ஒரு சொட்டு ஊத்தாம திரும்பி வரட்டும். வந்தா சம்மதம். வரலைன்னா இந்தப் பேச்சை இனி என் வீட்டுல எடுக்கக் கூடாது. நீங்கதான் சாட்சி.”

சரவணன் தலையாட்டினான். பரீட்சை எழுதும் முன்பே பாஸாகிவிட்டவன் முகம்.

மறுநாள் காலை சுதாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். வேன் பக்கத்து வீட்டு ஜெயம் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்களோடு வந்தவர். அவர் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை மரம் ஒன்று காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. புது வண்டிக்கு நசுக்க வேண்டும் என்று சரவணன் அதில் ஒரு பழம் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வழியில் ஒரு சிற்றூரில் பை சாப்பிட்டோம். அதாவது, மாவுக் கிண்ணத்துக்குள் கொதிக்கும் குழம்பை அடைத்து மூடி, கையில் கொடுத்துவிடுகிறார்கள். கடித்தால் நாக்கு வேகும். கடிக்காவிட்டால் சட்டை வேகும். எனக்கு இரண்டும் வெந்தது. பக்கத்து மேசையில் ஒரு பாட்டியம்மா இன்னொருவரிடம், “பாவம், முதல் தடவை போலிருக்கிறது” என்றார். அந்த அனுதாபத்தை விடக் குழம்பு ஆறுதலாக இருந்தது.

மலை ஏற ஆரம்பித்ததும் டயருக்குச் சங்கிலி கட்டச் சொல்லி ஒரு பலகை. இறங்கினோம். வாகன நிபுணர் கூட இருக்கும்போது மற்றவர்கள் எதற்குக் குனிய வேண்டும்? “பின் சக்கரத்துல கட்டுங்க, தள்ளுறது அதுதான்” என்று உத்தரவு போட்டேன். ஜெயம் அண்ணை மெல்ல இருமினார்.

“தம்பி, இது முன்சில்லு இழுக்கிற வான் எல்லோ?”

“கட்டுங்க அண்ணை, நான் பார்த்துக்கறேன்.”

கட்டினோம். வேன் அடுத்த வளைவில் நின்ற இடத்திலேயே அழகாக ஒரு கோலம் போட்டு, வந்த திசையைப் பார்த்து நின்றது. மறுபடி இறங்கி, சங்கிலியைக் கழற்றி, முன்சக்கரத்தில் கட்டினோம். ஜெயம் அண்ணை, “ஓம், தம்பிக்கு ரெண்டு சில்லு வாகனம்தானே பழக்கம்” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

ஆஸ்திரேலியப் பனியைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் பார்க்கும் பஞ்சுப் பனி அல்ல. கரும்புச்சாறு கடைக்காரர் கோணிச் சாக்குக்குள் ஐஸைப் போட்டு அடிப்பாரே, அதில் வெயில் பட்டால் எப்படி இருக்கும், அப்படி ஈரமாக, கனமாக, அழுக்காக இருந்தது. இதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்து, வாடகைக்கு எடுத்த பூட்ஸில் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் ரோபோ மாதிரி நடக்கிறார்கள்.

வண்டியை விற்பவர் பெயர் டேரன். அத்தனை குளிரிலும் அரைக்கால் சட்டையோடு நின்றார். தகரக் கொட்டகை ஒன்றில் இரண்டு வண்டிகள். ஒன்று சரவணனின் கனவில் வந்த பழைய சிவப்பு வண்டி, டூ ஸ்ட்ரோக். அந்தக் காலத்துப் பைக் மாதிரி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்துப் புகை விடும். மற்றது சாம்பல் நிறம், ஃபோர் ஸ்ட்ரோக். கொஞ்சமாகக் குடிக்கும், ஆனால் எருமை கனம். புதைந்துவிட்டால் ஊரைத்தான் கூட்ட வேண்டும்.

நான் தொண்டையைக் கனைத்து, தொழில்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். சரவணன் ஆங்கிலத்தில் சொன்னான். டேரன் தாடியைச் சொறிந்துகொண்டு பதில் சொன்னார்.

“அது ஓட்டுகிறவரைப் பொறுத்தது, நண்பா.”

என் வசனம்! கோபிசெட்டிபாளையத்தில் நான் சொல்வதை, பூமிப்பந்தின் அடிவயிற்றில், முழங்கால் தெரிய நின்று ஒரு வெள்ளைக்காரர் என்னிடமே சொல்கிறார். அன்றைக்குத்தான் என் வாடிக்கையாளர்களின் ரத்தக் கொதிப்பு எனக்குப் புரிந்தது.

போகும் முன் டேரன் ஒரு விதி சொன்னார். டேங்க் பாதி காலியாவதற்குள் குடிசை வரவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிட வேண்டும். ஈரப்பனியில் பட்டை வழுக்கும். பெட்ரோல் எரியும், தூரம் நகராது. அவரிடம் ஒரு கேன் உபரி இருக்கும், சாம்பல் வண்டியில். சுதாவின் நிபந்தனைப்படி அதைத் தொட்டால் தோல்வி.

அடுத்து எலுமிச்சம்பழம். எந்தச் சக்கரத்தடியில் வைப்பது? வண்டியில் சக்கரமே இல்லை. கொஞ்சநேரம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சறுக்குக் கட்டைக்கு அடியில் வைத்தான் சரவணன். வண்டி ஏறியது. பழம் நசுங்கவில்லை, முழுசாகப் பனிக்குள் இறங்கி மறைந்துபோனது. கொட்டகை வாசலில் டீயோடு நின்ற சுதா, பழம் போன இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

சிவப்பு வண்டியில் சரவணன் ஓட்ட, பின்னால் நான். சாம்பல் வண்டியில் டேரன், பின்னால் ஜெயம் அண்ணை. பாதை அனுமதி வாங்கிய பாதை. இந்த நாட்டில் இதை நினைத்த இடத்தில் ஓட்ட முடியாது. வெளிறிய மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனோம். எதிர்க்காற்று. சரவணனும் சரி, நானும் சரி, கம்பெனிப் புத்தகத்தில் வரும் எலும்புத் தோல் ஆள் இல்லை. பெட்ரோல் முள் இறங்குவதை அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தபடியே வந்தேன். குடிசை வந்தபோது பாதிக்கு ஒரு நூல் மேலே நின்றது.

சுதா கட்டிக்கொடுத்த புளியோதரை செங்கல்லாகி இருந்தது. கடலையைக் கடித்த டேரன், பல்லைத் தடவிக்கொண்டு, “இது உணவா, சரளைக்கல்லா?” என்றார்.

சரவணன் மட்டும் சாப்பிடவில்லை. தூரத்தில் வரிசை வரிசையாக நின்ற மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் செய்யலாம் என்று பக்கத்தில் போனேன்.

“நாள் பூரா மீட்டிங்குங்க சகலை. அடுத்த மீட்டிங் எப்பன்னு முடிவு பண்ண ஒரு மீட்டிங். இங்க வந்து நின்னாத்தான், யாரும் என்னைப் பார்த்து ‘மியூட்ல இருக்கீங்க’ன்னு சொல்றதில்ல.”

கிண்டல் வாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒரு உத்வேகம் வந்தது. இவனை ஜெயிக்க வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். மாமியார் என்னை அனுப்பியது எதற்கு என்பதே மறந்துவிட்டது.

“எந்திரிங்க. திரும்பறப்ப நான் ஓட்டறேன். மைலேஜ்னா என்னன்னு காட்டறேன்.”

திம்பம் மலையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இறக்கம் வந்ததும் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடுவது எங்கள் பக்கத்தில் பிறப்புரிமை. போலீஸ் திட்டும், பெண்டாட்டி திட்டுவாள், ஆனால் மிச்சமாகிற பெட்ரோலின் சுகமே வேறு. முதல் நீண்ட இறக்கம் வந்தது. என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

“சகலை, என்ன பண்றீங்க?”

“பேசாம உக்காருங்க. இனி கீழ வரைக்கும் ஓசிப் பயணம்.”

கொஞ்சதூரம் சொர்க்கம். சத்தமே இல்லை. பனியும் நாங்களும் மட்டும். அப்புறம் யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. சக்கரம் உருளும், ரப்பர் பட்டை உருளாது என்பதை என் மூளை அப்போதுதான் கவனித்தது. ஈரப்பனியை வாரி இழுத்தபடி பட்டை இறுகி, வண்டி இறக்கத்தின் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டது. தப்பு யார் மேல் என்று நாங்கள் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பட்டையைச் சுற்றி இருந்த ஈரப்பனி உறைந்து இறுகத் தொடங்கியது. ஸ்டார்ட் செய்து முறுக்கினேன். வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது. இன்னும் முறுக்கினேன், இன்னும் கீழே. கிணறு வெட்டுவதற்கு இதைவிட நல்ல இயந்திரம் கிடையாது.

டேரனும் ஜெயம் அண்ணையும் திரும்பி வந்தார்கள். நால்வரும் சேர்ந்து தூக்கி இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் முள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

அப்படியும் வந்துவிட்டோம். கடைசி மேடு. மேலே கொட்டகை தெரிகிறது, வாசலில் சுதா தெரிகிறாள், அவள் கையில் இருக்கும் கோப்பைகூடத் தெரிகிறது. வண்டி இரண்டு முறை இருமியது. நின்றது.

எனக்கு இன்னும் ஒரு வித்தை மிச்சம் இருந்தது. பெட்ரோல் தீர்ந்த பைக்கை ஒருக்களித்துச் சாய்த்தால் மூலையில் கிடக்கும் சொட்டு ஓடிவந்து பங்க் வரைக்கும் கொண்டுபோய் விடும். இறங்கிச் சாய்த்தேன். பனிவண்டி பைக் இல்லை. என்னையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு உருண்டது.

என்மேல் கிடந்த வண்டியை எடுத்த பிறகு டேரன் கேனைத் திறந்தார். சுதா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

“அவ்வளவுதானே?”

“பழைய வண்டி சுதா. அதான்…” என்றான் சரவணன். பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. ஊருக்குப் போய் மாமியாரிடம் காரியம் முடிந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். நான் வந்த வேலையும் அதுதான். ஆனால் மூக்குக்குள் பனியை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

“வண்டி மேல தப்பில்ல சுதா. இறக்கத்துல நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்.”

“ஆஃப் பண்ணீங்களா? பனியிலயா?”

“ஓம் பிள்ளை, மாமா கிணறும் வெட்டினவர். தண்ணிதான் வரேல்லை” என்றார் ஜெயம் அண்ணை.

சுதா என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு டேரன் கையிலிருந்த கேனைப் பார்த்தாள்.

“இதைப் பரீட்சைன்னு எடுத்துக்க முடியாது. நாளைக்கு நான் ஓட்டறேன். இதே வண்டி. நீங்க பின்னாடி ஏறுங்க” என்றாள் புருஷனிடம். காலிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு மேடேறினாள். அதைவிடப் பெரிய திட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று ராத்திரி தங்கிய விடுதியில் சாப்பாட்டுக்குக் கோழியை அடித்துத் தட்டையாக்கி, அதன்மேல் தக்காளிச் சட்னி ஊற்றி, அதன்மேல் சீஸ் போர்த்தி, அது குளிரும் என்று உருளைக்கிழங்கு வறுவலால் அணை கட்டிக் கொடுத்தார்கள். நாட்டின் பெருமைக்குரிய பதார்த்தமாம். என் நிலைமையில் அதுவும் இறங்கியது.

மறுநாள் காலை டேரன் சாம்பல் வண்டியில் முன்னே போக, சுதா சிவப்பு வண்டியில் ஏறினாள். சரவணன் பின்னால், புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு. நானும் ஜெயம் அண்ணையும் கொட்டகையில். அண்ணை பிளாஸ்க்கைத் திறந்து வெறுந்தேத்தண்ணி, அதாவது பால் விடாத டீ, ஊற்றினார். நேரம் போகப்போக மேகம் இறங்கியது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். என் மாமியாருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியை நான் கட்டினேன், இன்னொருத்தியைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டேன்.

“பயப்படாதையும். உம்மை ஏத்தேல்லை எல்லோ, வந்திடுவினம்” என்றார் அண்ணை.

வந்தார்கள். மேட்டில் ஒரு இருமல்கூட இல்லை. நான் ஓடிப்போய் ஆளைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தேன். மிச்சம் இருந்தது. நிறையவே மிச்சம் இருந்தது.

“என்னம்மா பண்ணே? என்ன டெக்னிக்கு?”

“ஒண்ணும் பண்ணல மாமா. சும்மா உக்காந்து ஓட்டிட்டு வந்தேன்.”

காலையில் நிரப்பிய இரண்டு டேங்கையும் டேரன் மறுபடி நிரப்பினார். சிவப்பு மடக் மடக்கென்று குடித்தது. அதே பாதை போய்வந்த சாம்பல் வண்டி, அதில் பாதிகூடக் குடிக்காமல் போதும் என்று வழிந்தது. சுதா கையைக் கட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தாள்.

“சம்மதம்” என்றாள். சரவணன் குதித்தேவிட்டான். “ஆனா வாங்கறது சாம்பல் வண்டி. தூரம் போறதுக்கு அதுதான். அப்புறம், வேலையை விடறது நீங்க இல்ல. நான்.”

“நீயா?”

“எத்தனை வருஷமா மருந்துக்கடையில எல்லாரும் இருமிக்கிட்டே வந்து என் முன்னால நிக்கறாங்க. இன்னைக்குத்தான் யாரும் இருமாத காத்தை இழுத்தேன். மார்க்கெட்டுக்குப் போற மாதிரி காட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கேன், எனக்குப் பிடிச்சிருக்கு.”

“அப்ப நான்?”

“யாராவது ஒருத்தர் மாசம் பொறந்தா சம்பளம் வாங்க வேண்டாமா? நீங்க மீட்டிங்கைப் பாருங்க. சனி ஞாயிறு வந்து பனி தள்ளுங்க.”

சரவணன் மியூட்டில் இருந்தான். ஆனால் அவள் திரும்பி நடந்தபோது, என் பக்கம் குனிந்து, “பின்னாடி உக்காந்து வர்றதும் நல்லாத்தானுங்க இருக்கு சகலை” என்றான். பைத்தியம் முற்றிவிட்டது.

கொட்டகை வாசலில் சுதா குனிந்து பனியைக் கிளறினாள். நேற்றைய எலுமிச்சம்பழம், கல் மாதிரி, முழுசாக. அதை அண்ணையின் சூடான தேத்தண்ணிக் கோப்பையில் போட்டு உருட்டினாள். இளகியதும் கத்தியால் வெட்டி எல்லார் கோப்பையிலும் பிழிந்தாள். டேரன் ஒரு வாய் குடித்துவிட்டு, புளிப்பில் சிலிர்த்து, இரண்டு நாளில் முதல்முறையாக ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் போன்.

“என்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை வேலையை விடலியே?”

“விடலீங்க அத்தை.”

“அப்பாடா! நீங்க போனாத்தான் நடக்கும்னு எனக்குத் தெரியும்.”

“ஆனா சுதா விடறாங்க அத்தை. அந்த வண்டியை அவங்கதான் ஓட்டப் போறாங்களாம்.”

பின்னால் நின்றவர் தட்டை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். அப்புறம்தான் அத்தையின் குரல் வந்தது. கொஞ்சம் தணிந்து, ஷோரூம் வாசலில் நிற்பவர் குரல் மாதிரி.

“சரி… லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குதாம்?”

“அது ஓட்டுறவங்க கையில இருக்குங்க அத்தை.”